புதன்கிழமை பெர்மிஷன்

அத்தியாயம் 8

"திருடினது யாருன்னு எனக்குத் தெரியும். ஆதாரம்தான் வேணும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்" என்றார் மனிதவள மேலாளர்.

எதிரில் உட்கார்ந்திருந்த துப்பறிவாளர் கையிலிருந்த பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். பரீட்சை அறையில் காப்பியடிப்பவர்களைத் திரும்பிப் பார்க்காமலே பிடிப்பார் என்று பெயர். ஓய்வு பெற்ற பிறகு அதே வேலையைப் பெரியவர்களிடம் செய்து வந்தார். எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

அவர் பக்கத்தில் இருந்தவர் உதவியாளர். ஒரு காலத்தில் வானொலியில் செய்தி வாசித்தவர். நிலையத்தை மூடிவிட்டார்கள், அவர் வாயை மட்டும் யாராலும் மூட முடியவில்லை. அதனால் பெயர் வானொலி.

"யாருன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது மேடம். மீதிப் பாதிக்கு நாங்க டீ குடிச்சிட்டுப் போயிடுவோம்" என்றார் வானொலி.

மேலாளர் சிரிக்கவில்லை. லிஃப்ட் செய்து மாட்டிக்கொடுக்கும் கம்பெனி அது. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு ஆறு வாரத்தில் பதினெட்டு லிஃப்ட் மாட்டியாக வேண்டும். மாட்ட ஆளில்லை. இவர்கள் தேர்ந்தெடுக்கும் மெக்கானிக்குகளில் நல்லவர்களாகப் பார்த்து, இவர்கள் ஆஃபர் லெட்டர் அனுப்பும் முன்பே, போட்டிக் கம்பெனி கூப்பிட்டு வேலை கொடுத்துவிடுகிறது. முதலாளி வெள்ளிக்கிழமை வரை கெடு வைத்திருந்தார். அதற்குள் ஓட்டை எங்கே என்று தெரியாவிட்டால் மேலாளர் தன் நாற்காலியை விட வேண்டும்.

"அஞ்சு மாசத்துக்கு முன்னால பழைய சாஃப்ட்வேரை விட்டுட்டுப் புதுசுக்கு மாறினோம்" என்றார் மேலாளர். "விண்ணப்பம் வாங்குறது, இன்டர்வியூ தேதி கொடுக்கிறது, மார்க் போடுறது, ஆஃபர் அனுப்புறது, லீவு, பெர்மிஷன் எல்லாம் அதுவே பார்த்துக்கும். மாத்திக் கொடுத்தது எங்க புரோகிராமர். நானே இன்டர்வியூ செஞ்சு எடுத்த ஆள். என் தம்பி மாதிரி நினைச்சேன். மாறின நாள்லேருந்துதான் ஆள் போறாங்க. வேற யாரு? மூணு வாரத்துக்கு முன்னாடி வேலையை விட்டு எடுத்துட்டேன். போகும்போது ஏதோ வழி வெச்சுட்டுப் போயிருக்கார், இன்னும் நிக்கலை."

"ஒத்துக்கிட்டாரா?"

"இல்லைன்னு சாதிச்சார். என் கண்ணைப் பார்த்து இல்லைன்னார். அதைத்தான் தாங்க முடியலை."

வானொலி ஆறுதலாக ஏதோ சொல்லப் போய், புரையேறி இரும ஆரம்பித்தார். மேலாளர் கண்ணாடி ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றி நீட்டினார்.

"முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடிங்க. அப்புறம் பேசுங்க" என்றவர், டீச்சர் பார்ப்பதைக் கவனித்து, "எங்க அப்பா சொல்றது. இன்டர்வியூவுக்கு வர்றவங்க கிட்ட நானும் இதைத்தான் முதல்ல சொல்லுவேன்" என்றார்.

டீச்சர் பட்டியலைக் கேட்டார். ஐந்து மாதத்தில் தேர்வானவர்கள் முப்பத்திநான்கு பேர். கைநழுவியவர்கள் பதினொன்று. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும், இன்டர்வியூ மார்க் மேலாளரின் ஒப்புதலுக்கு வந்த நாளும் நேரமும் அச்சாகியிருந்தன. டீச்சர் பென்சிலால் பதினொரு கோடு போட்டார். பிறகு எழுந்துகொண்டார்.

படியில் இறங்கும்போது வானொலி கேட்டார்: "என்ன டீச்சர், முகம் திருத்தின விடைத்தாள் மாதிரி இருக்கு?"

"சாவி கையில வெச்சிருக்கிறவன் முப்பத்திநாலு பேரையும் தூக்கியிருப்பான். பதினொண்ணோட ஏன் நிறுத்தினான்?"

"நாணயமான திருடனா இருப்பான்."

"பதினொண்ணும் புதன்கிழமை வந்தது. மதியம் ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவுல. மத்த இருபத்திமூணு பேர்ல ஒருத்தர்கூட அந்த நேரத்துல இல்லை. இவன் கிட்ட சாவி இல்லைய்யா. கதவு எப்பவாவது தானா திறக்குது. திறக்கிற நேரத்துல மட்டும் உள்ளே வர்றான்."

"வாரத்துல ரெண்டே மணி நேரம் வேலை. நம்ம ஆபீஸைவிட அங்கே வேலை ஜாஸ்தி" என்றார் வானொலி.

*

பதினொரு பேரில் ஒருவரைக் கட்டி முடியாத ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் பிடித்தார்கள். லிஃப்ட் வரவேண்டிய பள்ளத்தின் விளிம்பில், இடுப்பில் கயிறு கட்டி, லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளம் நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார் அந்த மெக்கானிக். போட்டிக் கம்பெனியின் ஹெல்மெட் புதுசாகப் பளபளத்தது. வானொலி பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, மூன்றடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"நான் ஒண்ணும் தப்புப் பண்ணலையே?" என்றார் மெக்கானிக்.

"யாரும் சொல்லலை. இந்த வேலைக்கு உங்களைக் கூப்பிட்டது யாரு?"

"ஒரு அம்மா. அங்கே இன்டர்வியூ முடிஞ்ச அன்னிக்கே, மூணு மணி இருக்கும், போன் வந்துச்சு. என் மார்க் எண்பத்தொன்பதுன்னு சொன்னாங்க. எனக்கே அது தெரியாது. 'உயரத்துல கை நடுங்காத ஆளு'ன்னு இன்ஜினியர் எழுதியிருக்கிறதா சொன்னாங்க. அங்கே லெட்டர் வர்றதுக்கு நாளாகும், இங்கே இன்னிக்கே எடுத்துக்கிறோம்னாங்க. நான் திணறிப் போயிட்டேன்."

"அப்புறம்?"

"நல்ல மாதிரியான அம்மாங்க. அவசரப்படுத்தலை. 'முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடிங்க, அப்புறம் பதில் சொல்லுங்க'ன்னாங்க."

வானொலி சுவரை விட்டு விலகி நின்றார். பள்ளத்தின் நினைவே அவருக்கு இல்லை.

கீழே தெருவுக்கு வந்ததும் வெடித்தார். "டீச்சர்! காலையில என் தலையைத் தட்டாத குறையா அந்தம்மா தண்ணி கொடுத்தாங்களே! அதே வார்த்தை! திருடினவங்களே நம்மளைக் கூப்பிட்டு, பாவம், அந்தப் புரோகிராமர் தலையில கட்டப் பார்க்கிறாங்க. கட்டுறதுக்கு நாம கயிறு எடுத்துட்டுப் போய்க் கொடுக்கிறோம்."

"இருக்கலாம்."

"இருக்கலாமா? இருக்கு!"

"உன் குரல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்குது. வண்டியை எடு."

*

வேலை போன புரோகிராமர், நண்பர் ஒருவரின் லேப்டாப் ரிப்பேர் கடையில் பின்பக்க மேசையில் இருந்தார். நாற்பது வயது இருக்கும். அவர் முன்னால் சின்னச் சின்னத் திருகாணிகள் ஒரு மூடியில் கிடந்தன. வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் அவர் கோபப்படவில்லை. அதுதான் டீச்சருக்குக் கஷ்டமாக இருந்தது.

"கேளுங்க" என்றார், திருகாணியைப் பார்த்தபடி.

"பழசுலேருந்து புதுசுக்கு எப்படி மாத்தினீங்க? கணக்கு டீச்சருக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

"பழைய சாஃப்ட்வேர்ல இருநூத்திச் சொச்சம் ரூல் இருந்துச்சு. விண்ணப்பம் வந்தா யாருக்குப் போகணும், மார்க் வந்தா யார் ஒப்புதல் கொடுக்கணும், அவங்க லீவுன்னா அவங்களுக்குப் பதிலா யார்... இப்படி. பத்து வருஷமா ஆளாளுக்கு எழுதி வெச்சது. ஒவ்வொண்ணா பார்த்துட்டு மாத்தலாம் மேடம்னேன். நேரமில்லை, அப்படியே தூக்கி வைங்கன்னாங்க. வீடு மாத்தும்போது அலமாரியைத் திறக்காமலே வண்டியில ஏத்துவோமே, அந்த மாதிரி ஏத்தினேன்."

"பழசும் புதுசும் எதுல வேற?"

"நிறைய. பழசு முழு நாள் லீவைத்தான் லீவா எடுத்துக்கும். புதுசு மணிக்கணக்குப் பெர்மிஷனையும் எடுத்துக்கும். ரெண்டு மணி நேரம் வெளியே போனா, அந்த ரெண்டு மணி நேரமும் ஃபைல் எல்லாம் பதில் ஆளுக்குப் போயிடும்."

குறித்துக்கொண்டிருந்த டீச்சரின் பென்சில் நின்றது.

"உங்க மேடத்துக்குப் பதில் ஆள் யாரு?"

"தெரியாது. அவங்க லாகின்லதான் தெரியும். அவங்க ரூலை நான் திறந்து பார்க்கக் கூடாது. பார்க்கலை."

"விசாரணையில இதையெல்லாம் சொன்னீங்களா?"

"மொத்தம் பதினஞ்சு நிமிஷம்தான் விசாரணை. பாதியில செக்யூரிட்டி வந்து கார்டைக் கேட்டார்." அவர் முதல்முறையாக நிமிர்ந்தார். "மேடம் என்னை எடுத்தப்போ ஒரு மணி நேரம் பேசினாங்க. அனுப்புறப்போ என் பேரைக்கூடச் சொல்லலை. 'சம்பந்தப்பட்ட ஊழியர்'னு படிச்சாங்க."

வெளியே வந்ததும் டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"புதன்" என்றார் வானொலி. பிறகு, "ஐயய்யோ, புதன்!" என்றார்.

"உனக்கு லிஃப்ட் மாட்டத் தெரியுமா?"

"ஏறவே தெரியாது டீச்சர். தலை சுத்தும்."

"பரவாயில்லை. இன்னிக்கு இன்டர்வியூவுல நீ தொண்ணூத்தொரு மார்க் வாங்கியிருக்கே. உன் போன் நம்பரைக் கொடுக்கப் போறேன். ரெண்டு மணிக்கு மேல அந்தம்மா நம்ம கண் முன்னாடி உட்கார்ந்திருப்பாங்க. போன் வந்தா, கூப்பிடுறது அவங்க இல்லை. வரலைன்னா, அவங்கதான்."

*

மேலாளர் கைப்பையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மணிக்குப் பெர்மிஷன் போட்டிருக்கேன். புதன்கிழமை அப்பாவை பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"பெர்மிஷன் அப்படியே இருக்கட்டும். அப்பாவை டிரைவர் கூட்டிட்டுப் போகட்டும். நீங்க இங்கேயே இருங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார் டீச்சர்.

ஏன் என்று மேலாளர் கேட்டார். நாலு மணிக்குச் சொல்வதாக டீச்சர் சொன்னார். இன்டர்வியூ எடுக்கும் இன்ஜினியரைக் கூப்பிட்டு, வயது, அனுபவம், மார்க், ஒரு வரிக் குறிப்பு எல்லாம் சேர்த்து, பிறக்காத ஒரு மெக்கானிக்கைப் புது சாஃப்ட்வேரில் பிறக்க வைத்தார்கள். தொலைபேசி எண் வானொலியுடையது. இரண்டு மணி ஏழு நிமிடத்துக்கு மார்க் ஒப்புதலுக்குப் போனது.

மேசை நடுவில் வானொலியின் போன். மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் போனைப் பார்க்கவில்லை. மேலாளரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டே கால். இரண்டு இருபது. மேலாளர் எழுந்து ஜன்னல் திரையைச் சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இரண்டு இருபத்தாறுக்குப் போன் அடித்தது.

டீச்சர் மூச்சை விட்டார். வானொலி ஸ்பீக்கரை அழுத்தி, வராத ஒரு முரட்டுக் குரலை வரவழைத்துக்கொண்டார்.

"யாரு?"

"வணக்கம் சார். இன்னிக்குக் காலையில லிஃப்ட் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போயிருந்தீங்கல்ல?" பெண் குரல். கனிவான குரல். "தொண்ணூத்தொரு மார்க் சார் நீங்க. அவங்க லெட்டர் அனுப்ப நாளாகும். நாங்க இன்னிக்கே..."

"அடடா. எனக்குத் தலை சுத்துதுங்களே."

"பதறாதீங்க சார். முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடிங்க. அப்புறம் பதில் சொல்லுங்க."

வானொலி வெற்றிச் சிரிப்போடு நிமிர்ந்தார். மேலாளரைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. 'வணக்கம் சார்' என்ற முதல் வார்த்தையிலேயே அது யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

அவர் கையை நீட்டிப் போனைத் தன் பக்கம் இழுத்தார்.

"நான்தான்" என்றார்.

"அக்கா?" என்றது குரல். "நீ அப்பாவோட இல்லையா?"

"இல்லை."

டீச்சர் ஸ்பீக்கரை அணைக்கப் போனார். வேண்டாம் என்று மேலாளர் தலையாட்டினார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி எனக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஆறு வாரம் படுத்திருந்தேன். நீதான் ஃபைலைப் படிச்சுக் காட்டினே. நான் சரின்னு சொன்னா நீ அழுத்துவே. அதுக்காக உன் மெயிலைப் பதில் ஆளா போட்டேன். அதை எடுக்கவே இல்லை, இல்லையா? மறந்தே போயிட்டேன்."

"முதல் தடவை தானா வந்துச்சுக்கா. சத்தியமா. நீ ஏதோ கண் செக்கப்புக்குப் போயிருந்த நேரம். உனக்குப் போன் பண்ணேன். 'டாக்டர் கூப்பிடுறார், அப்புறம் பேசு'ன்னு வெச்சுட்டே."

"மறுபடி சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருப்பேன். மறுநாள் உன் லெட்டர் வந்துச்சு."

"என்ன லெட்டர்?"

"உன் டிபார்ட்மென்ட்ல உதவியாளர் வேலைக்கு நான் விண்ணப்பம் போட்டிருந்தேன். உன்கிட்ட சொல்லலை. சிபாரிசுன்னு நினைப்பே, மார்க் வாங்கிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். போட்ட நாலு நிமிஷத்துல பதில் தயாராயிருக்குன்னு லெட்டர்லயே நேரம் இருந்துச்சு. 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.' கீழே உன் கையெழுத்து. என் எதிர்காலத்துக்கு என் அக்கா வாழ்த்து! ஒரு வார்த்தை போன்ல சொல்ல உனக்கு மனசு வரலை."

"நான் அதைப் பார்க்கவே இல்லைடி! ஊழியர்களோட சொந்தக்காரங்க போட்டா சாஃப்ட்வேரே ஒதுக்கிடும். என்கிட்ட வரவே வராது."

"அந்த ரூலை எழுதினது யாருக்கா?"

மேலாளர் மடியிலிருந்த கைப்பையை எடுத்துக் கீழே வைத்தார்.

"அடுத்த வாரமே இவங்க கம்பெனியில போய் நின்னேன். ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றேன்னேன். நாற்காலி போட்டு உட்கார வெச்சாங்க."

"சரி. என் மேல கோபம். இருந்துட்டுப் போகட்டும்." மேலாளரின் குரல் இப்போது மெதுவாகிவிட்டது. "அப்பாவை எதுக்கு இழுத்தே? சனிக்கிழமை போயிட்டிருந்தவரை, கூட்டமா இருக்கு, புதன்கிழமைக்கு மாத்துன்னு சொன்னது நீ. உனக்கு வேலை இருக்கு, நீயே கூட்டிட்டுப் போ, அவர் உன் கையைப் பிடிச்சாத்தான் நடக்கிறார்னு சொன்னதும் நீ. நான் உருகிப் போயிட்டேன். என் தங்கச்சிக்கு அப்பா மேல எவ்வளவு அக்கறைன்னு ஆபீஸ் முழுக்கச் சொன்னேன்."

"அப்பாவுக்கு நல்லதுதானே ஆச்சு? வாரத்துக்கு ரெண்டு மணி நேரமாவது நீ அவரோட இருந்தே."

மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். வானொலி எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

"உன்னால ஒருத்தருக்கு வேலை போச்சு. தெரியுமா?"

"கேள்விப்பட்டேன். ஆனா அவரை நான் எடுக்கலைக்கா. நீ எடுத்தே."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

*

வானொலி வாயைத் திறந்தார். சொல்ல ஒன்றும் கிடைக்காமல் மூடிக்கொண்டார்.

"முதலாளிக்கு இன்னிக்கே அறிக்கை கொடுத்துடலாம். நான் எழுதட்டுமா?" என்றார் டீச்சர்.

"நானே எழுதுறேன்."

மேலாளர் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். முதலில் பதில் ஆள் என்ற இடத்தில் இருந்த தங்கையின் பெயரை நீக்கினார். 'நிச்சயமாக நீக்கவா?' என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்த அவருக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு ஒரே பக்கத்தில் அறிக்கையை எழுதினார். எடுத்தது தன் தங்கை, கதவைத் திறந்து வைத்தது தான், தண்டிக்கப்பட்டது இரண்டும் செய்யாத மூன்றாம் மனிதர் என்று எழுதினார். டீச்சர் வாங்கிப் படித்துவிட்டு, திருத்த எதுவும் இல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

முதலாளி இரண்டு முறை படித்தார். போலீசில் புகார் கொடுக்க வேண்டும், கம்பெனி சார்பில் கையெழுத்துப் போட வேண்டியவர் மனிதவள மேலாளர்தான், கஷ்டமாக இருந்தால் வேறு ஆளைப் போடச் சொல்கிறேன் என்றார்.

"வேண்டாம் சார். பதில் ஆள் போட்டது போதும்" என்று மேலாளர் கையெழுத்துப் போட்டார். அவருடைய நாற்காலியைப் பற்றி முதலாளி எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மாலை ஆறரைக்கு அலுவலகம் காலியானது. மேலாளர் டீச்சரைக் கொஞ்சம் இருக்கச் சொன்னார். தனியாகச் செய்யத் தைரியம் இல்லை என்றார். பிறகு போனை எடுத்துப் புரோகிராமரின் எண்ணை அழுத்தினார். ஒரு வார்த்தையையும் மறைக்காமல், தன் தங்கை என்பதையும் சேர்த்து, நடந்ததைச் சொன்னார். மன்னிப்புக் கேட்டார். நாளைக் காலையிலேயே வேலைக்கு வரச் சொன்னார்.

"வர்றதைப் பத்தி அப்புறம் பேசலாம் மேடம்" என்றார் புரோகிராமர். "இப்போ ஒண்ணு செய்யுங்க. என் மனைவி பக்கத்துல இருக்கா. மூணு வாரமா அவ என்னை நம்புறாளா இல்லையான்னு எனக்குத் தெரியலை. கேட்க பயமா இருக்கு. நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. "ஹலோ" என்றது ஒரு பெண் குரல்.

மேலாளர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் எந்தத் தப்பும் பண்ணலைங்க. தப்பு என்னோடது. நான்தான் அவர் சொன்னதைக் கேட்கலை."

"எனக்கு முதல் நாளே தெரியுங்க" என்றாள் அவள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா எங்கேயோ நாமதான் தப்புப் பண்ணிட்டோமோன்னு அவர் தினமும் உட்கார்ந்து தன்னையே சந்தேகப்பட்டுட்டு இருக்கார். எனக்குச் சொன்னதை அவர்கிட்ட இன்னொரு தடவை சொல்லுங்க. அவர் பேரைச் சொல்லிச் சொல்லுங்க."

மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவர்கிட்ட கொடுங்க" என்றார்.